காது கொடுத்துக் கேட்டவள்

ஈர விரிப்பை உதறினால் சாட்டை வீசியதுபோல ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் துணியில் எங்கோ சுருக்கம் நிற்கிறது என்று அர்த்தம். அண்ணியும் ஜட்ஜம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று உதறினால் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் வந்தது. உதறிய வேகத்திலேயே இருவரும் ஒன்றாகக் குனிந்து விரிப்பின் விளிம்பை நகரும் பட்டைமேல் படிய வைப்பார்கள். பட்டை அதை இழுத்துக்கொண்டு போய்ச் சூடான உருளைகளுக்கு நடுவில் கொடுக்கும். ஆவி கிளம்பும். மறுபக்கம் அது காய்ந்து, அட்டைபோல விறைத்து வெளியே வரும். அங்கே நிற்கும் இருவர் அதை மடிக்கத் தொடங்கும்போது, இங்கே அடுத்த விரிப்பு கையில் இருக்கும்.

பெரிய சலவைக்கூடம் அது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் லாரி லாரியாகத் துணி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்குத் துணி, இந்தப் பக்கம் துவைத்த துணி. விரிப்புகளுக்குள் சுருண்டு வரும் மூக்குக் கண்ணாடி, பல்செட், குழந்தையின் ஒற்றைக் காலுறை எல்லாவற்றையும் அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். யாரும் தேடி வந்ததில்லை. இந்தப் பக்கம் சூடு. உருளைக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

"பிடிச்சிருக்கீங்களா அண்ணி?"

"நீ குடுத்தா பிடிக்காம இருப்பேனா? இழுடி."

ஒவ்வொரு தடவையும் தள்ளுவண்டியிலிருந்து இரண்டு மூலைகளையும் ஜட்ஜம்மாவே எடுத்து, ஒன்றை அண்ணியின் வலது உள்ளங்கையில் வைத்து அழுத்தி, லேசாக இழுத்துப் பார்ப்பாள். அண்ணியின் வலது கை விரல்கள் சில மாதங்களாகச் சரியில்லை. குவியலுக்குள் துணியின் மூலையைத் தேடி எடுக்க அவற்றால் முடியவில்லை. வைத்து அழுத்தினால் மட்டும் பிடித்துக்கொண்டன. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. இரண்டு பேர் பழகிச் செய்கிற வேலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஜட்ஜம்மா என்பது கூடத்தில் வைத்த பெயர். மின்விசிறிக்கு நேராக யார் நிற்பது, யாருடைய செருப்பை யார் போட்டுக்கொண்டு போனது, யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினாள் என்று எந்தத் தகராறு வந்தாலும் அவளிடம்தான் போவார்கள். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள். தன் சொந்த வழக்கில் மட்டும் அவளுக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை. புருஷன் இன்னொரு குடித்தனம் போட்டுக்கொண்டு போய்விட்டான். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் யோசித்தபடி நின்றான். அண்ணிதான் பையை வாங்கி உள்ளே வைத்தாள். பின் அறையிலிருந்த சாமான்களைத் தன் அறைக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்துச் சலவைக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், "என் நாத்தனார். கொஞ்சம் வாயாடி, ஆனா நல்ல வேலைக்காரி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அந்த சூப்பர்வைசர் இப்போது இல்லை. கூடத்தை ஒரு பெரிய கம்பெனி வாங்கியதும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்கக் கத்துகிற மனிதர். சாயங்காலம் எதற்குக் கத்தினோம் என்பதையே மறந்துவிட்டு, டீ குடித்தாயா என்று கேட்பார். புதிதாக வந்த மேனேஜர் சின்ன வயதுக்காரர், கத்தவே மாட்டார். முதல் நாள் எல்லோரையும் நிற்க வைத்து, "இங்க இனிமே மேல, கீழன்னு எதுவும் கிடையாது. சூப்பர்வைசர்ங்கற வார்த்தையே வேண்டாம். நாம ஒரே குடும்பம்" என்றார்.

மடிக்கும் பக்கத்தில் நின்ற நெட்டையக்கா அண்ணியின் காதருகில் குனிந்து, "குடும்பம்னா சரிதான். எங்க வீட்டுலயும் ஒருத்தர் சொல்லுவாரு, மத்தவங்க செய்வோம்" என்றாள். அண்ணி சிரிப்பை அடக்கத் தலைத்துணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசருக்குப் பதிலாக ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டீம் லீடர் என்றார்கள். இங்கே வேலை செய்கிறவர்களுக்குள்ளிருந்தே எடுப்போம் என்றார்கள். மேனேஜர் கூடத்தில் இரண்டு நாள் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு ஜட்ஜம்மாவைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் உங்ககிட்டதான் வந்து பேசறாங்க. கவனிச்சேன்" என்றார்.

"அது சும்மா விளையாட்டுக்கு சார்."

"அந்த விளையாட்டைச் சொல்லிக் குடுத்து வரவழைக்க முடியாதும்மா. உங்ககிட்ட இருக்கு."

சம்பளத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணிதான் அதிகம் பூரித்துப்போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், "என் நாத்தனார் இன்னிலேருந்து லீடரு" என்றாள். ஜட்ஜம்மா வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பயிற்சி கம்பெனியின் மேல்மாடியில் நடந்தது. தரையில் விரிப்புப் போட்ட அறை. செருப்பை வெளியே விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் டீம் லீடர்கள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். பயிற்சி கொடுக்க வந்த மேடத்துக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். படம் காட்டும் கருவியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, மண்டியிட்டு வயரை மாட்டினார். தொண்டை கட்டியிருந்தது. மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசினார்.

"இத்தனை வருஷமா வேலை செய்யறீங்க. நீங்க என்ன நினைக்கறீங்கன்னு இதுவரைக்கும் யாராவது உங்ககிட்ட கேட்டிருக்காங்களா?"

அழுக்குத் துணிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர், "எங்க வீட்டுலயே கேட்டதில்லைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. புருஷன் கேட்கவில்லை, அண்ணன் கேட்கவில்லை, சூப்பர்வைசர் கேட்கவில்லை.

வேலை மாறிக்கொண்டேதான் இருக்கும், மாறாது என்று நினைக்கிறவர்கள்தான் விழுவார்கள் என்று மேடம் சொன்னார். விரட்டி வேலை வாங்குகிற காலம் போய்விட்டது என்றார். "அடுத்தவங்க பேசும்போது நாம என்ன பதில் சொல்லலாம்னு மனசுக்குள்ள தயாராகிட்டிருப்போம். அது கேக்கறது இல்ல. காது குடுத்துக் கேளுங்க. அவங்க சொன்னதை அவங்களுக்கே திருப்பிச் சொல்லுங்க. அப்பத்தான் நாம கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சா நம்புவாங்க. நம்பினா மனசுல இருக்கறதைச் சொல்லுவாங்க."

ஜட்ஜம்மா இதை வீட்டில் மகளிடம் பழகிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை மகள் சொல்ல, "அப்ப உன் பென்சிலை அவ எடுத்தது உனக்குக் கோபமா இருந்துச்சு" என்றாள்.

"அதைத்தானம்மா நானும் சொன்னேன்! நான் சொன்னதையே ஏன் சொல்ற?"

அடுப்படியில் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "லீடரம்மா, உங்க டீம் சரியில்ல போல!"

வேடிக்கையாகத் தொடங்கினாலும் நல்லதும் நடந்தது. உருளைக்குப் பக்கத்தில் சாக்கடை மூடி தூக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் அதில் கால் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். பழைய சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம். ஜட்ஜம்மா கேட்டாள், மேனேஜர் மறுநாளே ஆள் வைத்துச் சரிசெய்தார். மடிக்கும் பக்கத்துக்கு ஒரு மின்விசிறி வந்தது. சூட்டில் நிற்பவர்கள் முறை மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் சொன்ன யோசனையை எல்லாக் குழுக்களும் எடுத்துக்கொண்டன. நெட்டையக்காகூட, "பேசினா காது கேக்குது இந்தக் கம்பெனிக்கு" என்றாள்.

ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து பேசவும் சொல்லியிருந்தார்கள். சலவைத் துணி அடுக்கும் அறையில், மடித்த போர்வைக் கட்டுகளின்மேல் உட்கார்ந்து பேசினாள். வெளியே இருந்த இரைச்சல் அந்த அறைக்குள் வராது. துணிகள் சத்தத்தைக் குடித்துவிடும். முதலில் கூச்சப்பட்டவர்கள் பிறகு நிறுத்த முடியாமல் பேசினார்கள். ஒருத்திக்கு முட்டி வீங்குகிறது. ஒருத்தி கர்ப்பம், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நெட்டையக்காவுக்குத் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவர்களிடம்தான் கேட்கிறாள்.

அண்ணியின் முறை வந்தபோது இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் இங்கே வந்து எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்ன கேக்கணும் லீடரம்மா? கேளுங்க."

"கை எப்படி அண்ணி இருக்கு? நிஜத்தைச் சொல்லுங்க."

ஜட்ஜம்மா டீம் லீடர் ஆனபிறகு அண்ணியின் எதிர்ப்பக்கம் நெட்டையக்கா நின்றாள். மூலையை எடுத்துக் கையில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அண்ணி இடது கையால் தேடி எடுத்து வலது கைக்கு மாற்றினாள். அதற்குள் விரிப்பு கோணிக்கொண்டது. சத்தம் வரவில்லை. சுருக்கத்தோடு வெளியே வந்த விரிப்புகளைத் திரும்ப ஈரமாக்கி மறுபடி போட வேண்டியிருந்தது.

அண்ணி கதவைப் பார்த்தாள். வலது கையைத் திருப்பிக் காட்டினாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக ஒரு தழும்பு இருந்தது.

"போன வாரம் அடுப்புல சுட்டுது. சுட்டதே தெரியல. தோல் கருகின வாசம் வந்தப்புறம்தான் பார்த்தேன்."

ஜட்ஜம்மா அந்த விரலைத் தொட்டாள்.

"இப்ப தொடறது தெரியுதா?"

"நீ தொடறதைப் பார்க்கறேன். அவ்வளவுதான்." அண்ணி கையை இழுத்து மேலங்கியின் பையில் வைத்துக்கொண்டாள். "உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லிடாதடி."

"சொல்லமாட்டேன் அண்ணி."

"என்மேல சத்தியமா?"

"உங்கமேல சத்தியமா."

அதற்கடுத்த மாதம் புது இயந்திரம் வந்தது. பழைய உருளையின் முன்பக்கத்தில் அதைப் பொருத்தினார்கள். இனி விரிப்பை இரண்டு பேர் உதற வேண்டாம். ஒரே ஆள் நின்று, விரிப்பின் இரண்டு மூலைகளையும் இரண்டு இரும்புக் கவ்விகளில் சொருகினால் போதும். மற்றதை இயந்திரம் இழுத்துக்கொள்ளும். தலைக்குமேல் ஒரு திரை. வேகமாகச் சொருகினால் பச்சை, தாமதித்தால் மஞ்சள், இன்னும் தாமதித்தால் சிவப்பு.

பழகிப் பார்க்க ஒவ்வொருவராக நிற்க வைத்தார்கள். முட்டி வீங்கியவளுக்குக்கூட இரண்டாம் நாளே பச்சை வந்துவிட்டது. அண்ணி நின்றாள். இடது மூலையைச் சட்டென்று சொருகினாள். வலது மூலை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி நழுவியது. கவ்வி டக்கென்று மூடியபோது விரல் நுனி உள்ளே இருந்தது. அண்ணி விரலைப் பார்க்கவில்லை, மேலே திரையைப் பார்த்தபடி நின்றாள். ஜட்ஜம்மா ஓடிப்போய்க் கவ்வியைத் திறந்துவிட்டாள். நகத்துக்கடியில் ரத்தம் கட்டியிருந்தது. வெள்ளை விரிப்பில் ஒரு பொட்டு விழுந்தது.

"ஒண்ணுமில்ல, பழகிடும்" என்றாள் அண்ணி சிரித்துக்கொண்டே. மேலே திரை சிவப்பாக இருந்தது.

அன்றிரவு ஜட்ஜம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த தடவை உள்ளே போவது நகமாக இருக்காது, விரலாக இருக்கும் என்று நினைத்தாள். கூடத்தின் மூலையில் கிழிந்த துணி தைக்கும் மேஜை ஒன்று இருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. தையல் இயந்திரத்தில் துணியை இடது கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம். அங்கே இருந்தவள் வேலையை விட்டு நின்றுபோய் இடம் காலியாகக் கிடந்தது. கேட்டால்தானே கிடைக்கும்? சாக்கடை மூடி கிடைத்தது, மின்விசிறி கிடைத்தது. பிரச்சினையை மட்டும் கொண்டு வராதீங்க, தீர்வோட வாங்க என்று பயிற்சி மேடம் சொல்லியிருந்தார். அவளிடம் தீர்வு இருந்தது.

டீம் லீடர்களின் கூட்டம் முடிந்து மற்றவர்கள் போனபிறகு அவள் மேனேஜர் அறையில் நின்றாள். அண்ணியின் பெயரை முதலில் சொல்லாமல், ஒருத்தருக்குக் கை மரத்துப்போகிறது என்று தொடங்கினாள். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே கேட்டார். அப்படி ஒருவர் கேட்கும்போது பாதியில் நிறுத்த முடியவில்லை. அண்ணியின் பெயரையும், அடுப்பில் சுட்டதுகூடத் தெரியாமல் இருந்ததையும் சொல்லிவிட்டாள்.

"தையல் மேஜையில உட்கார வெச்சா போதும் சார். இங்க எல்லாரையும்விட பழைய ஆளு. துணியைத் தொட்டே எந்த ஆஸ்பத்திரித் துணின்னு சொல்லு..." அவள் நிறுத்திக்கொண்டாள். "நல்லா வேலை செய்வாங்க சார்."

"அப்ப, அவங்களுக்குக் கை மரத்துப்போகுது. நீங்க அவங்களை நினைச்சுக் கவலைப்படறீங்க" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"நல்லவேளை சொன்னீங்க. இதுதான் லீடர் செய்யற வேலை."

அவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். இதுவரை யாரும் அவளுக்குக் கதவு திறந்துவிட்டதில்லை.

அந்த வாரமே கம்பெனி டாக்டர் வந்தார். எல்லோருக்கும் பரிசோதனை என்று சொன்னார்கள். மற்றவர்களைப் பேருக்குப் பார்த்து அனுப்பினார். அண்ணியைக் கண்ணை மூடச் சொல்லி விரல்களை ஊசியால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அண்ணிக்குக் கைவந்த தந்திரம் ஒன்று இருந்தது, யார் கேட்டாலும் சிரிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடியே, "தெரியுது, தெரியுது" என்றாள். டாக்டர் ஊசியை விலக்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

நரம்பு பழுது, வயதினால் வந்தது, இயந்திரத்தில் நிற்கத் தகுதியில்லை என்று எழுதினார். எத்தனையோ வருஷமாக ஈரத் துணியை இழுத்தது பற்றி அதில் ஒன்றும் இல்லை. தையல் மேஜையையே எடுத்துவிடப் போகிறோம், கிழிந்ததைத் தைப்பதைவிடப் புதிது வாங்குவது லாபம் என்று மேனேஜர் ஜட்ஜம்மாவிடம் சொன்னார்.

"அப்ப அவங்களுக்கு?"

"இது அவங்க பாதுகாப்புக்காகத்தான். கவ்வியில கை மாட்டினா யார் பொறுப்பு? நீங்கதானே அதைப் பார்த்துப் பயந்தீங்க?"

"நான் வேற வேலை குடுக்கச் சொல்லித்தான் சார் கேட்டேன்."

"கேட்டீங்க. நானும் மேல கேட்டேன். முடியல." அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆபீஸ்லேருந்து போன்ல ஒரு மெசேஜ் போகும். மத்த இடத்துல எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க. எனக்கு அது பிடிக்கல. இன்னொண்ணு, நீங்களே உட்கார்ந்து பேசறது. அவங்க நம்பற ஒருத்தர் வாயால கேட்டா வலி குறையும். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஜட்ஜம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் நிற்கும்போது அண்ணியின் கைபேசி கிணுகிணுப்பதும், அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாமல் யாரிடமாவது நீட்டுவதும் கண்முன் வந்தது. நீட்டினால் தன்னிடம்தான் நீட்டுவாள்.

"நானே பேசறேன் சார்" என்றாள்.

துணி அடுக்கும் அறையில் அதே போர்வைக் கட்டுகள். அண்ணி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "என்னடி, சீக்கிரம் சொல்லு. வண்டியில பாதி கிடக்கு."

எப்படித் தொடங்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் அவர்கள் செய்த வேலைக்கு நன்றி, பிறகு விஷயம், சுற்றி வளைக்கக் கூடாது. ஜட்ஜம்மா அப்படியே சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு பல நாள் நினைத்தாள்.

"கம்பெனி உங்க கையைப் பத்திக் கவலைப்படுது அண்ணி. இந்த இயந்திரத்துல நிக்கறது உங்களுக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால இன்னியோட..."

அண்ணியின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, எடுக்க மறந்ததுபோல.

"டாக்டருக்கு ஏன் என் கையை மட்டும் பார்க்கத் தோணுச்சு?"

ஜட்ஜம்மா போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

"உங்களுக்கு உட்கார்ற வேலை கேட்டேன் அண்ணி. சத்தியமா. அதுக்காகத்தான் சொன்னேன்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"குடுத்தாங்களா?"

சுவரோரம் விரிப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. எல்லாம் அண்ணியும் அவளும் உதறிப் போட்டவை. அண்ணி எழுந்தாள்.

"வண்டியில கிடக்கறதை முடிச்சுட்டுப் போகட்டா? இல்ல இப்படியே போகணுமா?"

"இப்படியே... அட்டையைக் குடுத்துட்டு."

கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை கொக்கியில் மாட்டியிருந்தது. அண்ணி வலது கையால் அதைத் திறக்கப் பார்த்தாள். விரல்கள் கொக்கியின்மேல் வழுக்கின. மறுபடி முயன்றாள். ஜட்ஜம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். அண்ணி ஒரு அடி பின்னால் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து, இடது கையால் வெகுநேரம் போராடி அதைக் கழற்றினாள். நாத்தனாரின் கையில் கொடுக்காமல் போர்வைக் கட்டின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையவே ஜட்ஜம்மாவுக்குக் கால் வரவில்லை. அண்ணி சண்டை போடுவாள், பாத்திரத்தை வீசுவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தாள். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

ஜட்ஜம்மா முதலில் பின்னால் திரும்பி, அண்ணன் வந்திருக்கிறானா என்று பார்த்தாள். யாரும் இல்லை.

அதன்பிறகு அண்ணி வாயிலிருந்து ஒரு 'டி' வரவில்லை. "தண்ணி வெச்சிருக்கேன், குளிங்க." "பாப்பா தூங்கிட்டா, சத்தம் போடாதீங்க." ஒரு குறையும் இல்லாத மரியாதை. இரண்டாம் நாளே மகள் கேட்டுவிட்டாள்: "அத்தை ஏம்மா உன்னை நீங்க, வாங்கன்னு கூப்பிடறாங்க? நீ பெரிய ஆளாயிட்டியா?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஜட்ஜம்மா அண்ணனிடம் சொன்னாள். அண்ணனுக்கு வேன் ஓட்டுகிற வேலை, கூப்பிட்ட நாளில்தான் கூலி. அவன் கோபப்படவும் இல்லை. "ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா அடுப்பு எப்படி எரியும்?" என்று மட்டும் கேட்டான். உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "அவங்களுக்கு நேரமாச்சு. கிளம்பச் சொல்லுங்க. பஸ் போயிடும்."

கூடத்தில் அண்ணி எப்படிப் போனாள் என்பதை ஜட்ஜம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் தனித்தனியாகப் பேச உட்கார்ந்தபோது, முட்டி வீங்கியவள் விறுவிறுவென்று நடந்து வந்து உட்கார்ந்தாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"முட்டிக்கு என்ன? நல்லா இருக்கே."

கர்ப்பமாக இருந்தவள் மேலங்கியைத் தளர்வாக வாங்கிப் போட்டுக்கொண்டு, "ஒரு குறையும் இல்லக்கா" என்றாள். நெட்டையக்கா கதவோரமாக நின்றபடியே பதில் சொன்னாள். எதிர்ச் சுவரைப் பார்த்து, யாரும் கேட்காமலேயே பாதுகாப்பு விதிகளை மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தாள். "பார்த்தியா, எல்லாம் தெரியுது எனக்கு." விதிகள் எழுதியிருந்த பலகையைப் பராமரிப்பு ஆட்கள் முதல்நாளே பக்கத்துச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. ஜட்ஜம்மா தலையசைத்தாள். குறை ஏதும் இல்லை என்று மேனேஜரிடம் சொன்னாள். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னாள். மின்விசிறி நின்று போனது. யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"உங்க குழுவுல மட்டும்தான் புகாரே இல்ல. மத்தவங்க எல்லாம் இந்த மாற்றத்தைச் சமாளிக்க முடியாம திணர்றாங்க. நீங்க எப்படிச் செய்தீங்கன்னு அவங்களுக்கும் காட்டணும்" என்றார் மேனேஜர்.

கம்பெனி அவளைக் காரில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. மற்ற ஊர்க் கூடங்களிலிருந்தும் டீம் லீடர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் அவளைப் போன்ற பெண்கள்தான். சூட்டில் நின்ற முகங்கள், வெளுப்பு மருந்தில் ஊறி நகம் மழுங்கிய கைகள். அதே பயிற்சி மேடம் இருந்தார். தொண்டை இப்போது சரியாகியிருந்தது. அங்கிருந்த பெரிய அறையின் நடுவில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் போட்டிருந்தார்கள்.

"ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தறது லீடருக்கு ரொம்பக் கஷ்டமான பேச்சு. சொந்தக்காரங்களையே நிறுத்த வேண்டி வந்தப்பகூட, சத்தமோ சண்டையோ இல்லாம, கண்ணியமா முடிச்சவங்க இவங்க" என்று மேடம் அவளை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். "அன்னிக்கு எப்படிப் பேசினீங்களோ, அப்படியே பேசிக் காட்டுங்க. எதிர்ல அந்த வேலை போறவங்களா யாராவது வந்து உட்காருங்க."

முன்வரிசையிலிருந்து ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஜட்ஜம்மா அவளைப் பார்த்தாள். முதலில் நன்றி சொன்னாள், பிறகு விஷயத்தைச் சொன்னாள். எதிரே இருந்தவள் நன்றாக நடித்தாள். "எனக்கு வேற வேலை குடுங்கக்கா, உட்கார்ந்துகிட்டு செய்யறேன்" என்று கெஞ்சினாள். அதற்கும் ஜட்ஜம்மாவிடம் பதில் இருந்தது. சொன்னாள்.

"பார்த்தீங்களா? ஒரு இடத்துலகூடக் குரல் உயரல" என்றார் மேடம். காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். ஜட்ஜம்மாவின் பக்கம் இருந்ததை எதிர் நாற்காலிப் பக்கமாகத் தள்ளினார். "இது எப்பவும் அவங்க கைக்கு எட்டற மாதிரி இருக்கணும். ஒவ்வொருத்தரா வந்து உட்கார்ந்து பாருங்க. அந்தப் பக்கம் உட்கார்ந்தாத்தான் அது எப்படி இருக்கும்னு தெரியும். அப்புறம் உங்க ஊருக்குப் போய் நீங்களும் செய்யலாம்."

பெண்கள் எழுந்தார்கள். நான் முதல்ல, நீ அப்புறம் என்று சிரித்து இடித்துக்கொண்டு, எதிர் நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். வரிசை சுவர்வரை போய், சுவரோரமாகத் திரும்பி, கதவுக்கு வெளியேயும் நின்றது.

"அடுத்தவங்க வாங்க" என்றார் மேடம். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.